உப்புக் கறைக்கு ஆசிட் வேண்டாம்

பொட்டாசியம் குளோரேட்டோடு கந்தகத்தைச் சேர்த்துப் பட்டாசு செய்ய 1992-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. உரசினாலே பற்றிக்கொள்ளும் கூட்டு அது. பட்டாசு ஆலைகள் உள்ள எம். புதுப்பட்டி வட்டாரத்தில் மருந்து கலக்கிப் பழகியவர்களுக்கு, எதோடு எது சேரக் கூடாது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எவர்சில்வர் குடத்தில் ஏறிய உப்புக் கறையைத் தேய்க்க உட்காரும்போது மட்டும் அந்த எச்சரிக்கை எங்கோ போய்விடுகிறது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே மூலையில் இருக்கின்றன. ஒன்றில் போகாவிட்டால் மற்றதையும் கொட்டிப் பார்க்கிறார்கள்.

இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் குளியலறைத் தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவரின் மூக்குக்கு நேராக. இருமலும் கண்ணெரிச்சலும் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். மூச்சு அடைத்தால் 108-ஐ அழைக்க வேண்டும். ஆசிட்டைத் தவறிக் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது வெந்த தொண்டை, ஏறும்போது மறுபடி வேகும்.

இத்தனைக்கும் அந்த வெள்ளைப் படிவு பெரிய வில்லன் இல்லை. போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் உப்பு, சூடேறும்போது சுண்ணாம்பாகப் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். கெட்டியான புளிக்கரைசலோ, சரிபாதி தண்ணீர் கலந்த வினிகரோ ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் நுரைத்துக்கொண்டு இளகும். பிறகு மெல்லிய நாரால் தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் காயும் ஒவ்வொரு சொட்டும் புது வட்டம் போடும். இரும்பு நார் கூடாது. அதன் துகள் பாத்திரத்தில் தங்கித் துருவாகும்.

கடைகளில் விற்கும் பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கறையோடு நிற்பதில்லை. எவர்சில்வரைத் துருவிலிருந்து காக்கும் மெல்லிய குரோமியப் படலத்தையும் அரித்து, ஊசி குத்தியதுபோல் புள்ளிகளை உண்டாக்கும். உப்புக்காற்றில் நிற்கும் படகுகளின் கம்பிகளுக்கு மாலிப்டினம் சேர்த்த 316 ரகத்தைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் குளோரைடு அரிப்புக்குப் பயந்துதான். வீட்டுக் குடத்துக்கு அந்தக் காப்பு கிடையாது.

ஆசிட்டைச் சும்மா விற்கவும் கூடாது. ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கடைக்காரர் பதிவேடு வைக்க வேண்டும். வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, காரணத்தையும் எழுத வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

கறை வெள்ளையாக இல்லாமல் செம்பழுப்பாக இருந்தால் சந்தேகம் பாத்திரத்தின் மேல் திரும்பட்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு ரகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் அந்த மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையை நம்பிப் பயனில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண் இருந்தால், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்க்கலாம். நிக்கல் குறையாத 304 ரகம் என்று சொல்லி வேறொன்றை விற்றிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம். அங்கே தீராவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில் மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். பாத்திரத்தில் பெயர் வெட்டித் தந்த கடையே ஆனாலும் பில் கேட்க வெட்கப்படக் கூடாது.

தண்ணீரையும் விசாரிக்கலாம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். அளவு எகிறியிருந்தால், அந்த அறிக்கையை மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் கேட்கலாம்.