பெயர் அதுவே, வகை வேறு!

தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதில் என்ன தொல்லை என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அட்டவணைகள் பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 14-ஆம் பதிப்பையே சான்றாகக் காண்போம்.

அணிகளைக் கையாள அதில் உள்ளமைந்த சார்புகள் பல உண்டு. அரே_அப்பெண்ட் என்பது அணியின் கடைசியில் ஓர் உறுப்பைச் சேர்ப்பது. முன்பெல்லாம் அணியும் உறுப்பும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். 1, 2 என்னும் முழு எண் அணியோடு 3.5-ஐச் சேர்க்கச் சொன்னால், அப்படியொரு சார்பே இல்லை என்று கைவிரித்துவிடும். 14-இல் இக்குறை நீங்கியது. 'எனிஅரே' என்றிருந்த உள்ளீட்டு வகை 'எனிகம்பேட்டிபிள்அரே' ஆயிற்று. இரண்டுக்கும் பொதுவான வகையை அதுவே தேடிக்கொள்ளும். நல்ல மாற்றம்தான், ஐயமில்லை.

ஆனால் சார்புக்குப் பெயர் மட்டுமே அடையாளம் அன்று. ஒரே வகுப்பில் மூன்று முருகேசன்கள் இருந்தால் முதலெழுத்தைச் சேர்த்துத்தானே வருகைப்பதிவு எடுக்கிறார்கள்? அதுபோல் பெயரும் உள்ளீட்டு வகைகளும் சேர்ந்தே ஒரு சார்பைக் குறிக்கும். அரே_அப்பெண்டை வைத்து ஒருவர் தாமே ஒரு திரட்டுச் சார்பை ஆக்கியிருந்தால், அது பழைய முதலெழுத்தோடு பதிவாகியிருக்கும். புதிய பதிப்பில் அந்த முதலெழுத்துக்காரர் இல்லை! பதிப்பு மாற்றும் பணி நடுவழியில் நின்றுவிடும். முன்னதாகவே அத்திரட்டை நீக்கிவிட்டு, மாற்றம் முடிந்தபின் புதிய வகையோடு மீண்டும் ஆக்கவேண்டும். அதை நம்பியிருக்கும் காட்சிகளுக்கும் இதே கதிதான்.

இப்படி வெளிப்படையாக நின்றுவிடுவதை நான் குறை கூறமாட்டேன். ஓசையின்றி மாறுவதே அச்சந் தருவது. அதே பதிப்பில் எக்ஸ்ட்ராக்ட் என்னும் சார்பின் விடை, மிதவைப்புள்ளி எண்ணிலிருந்து நியூமரிக் வகைக்கு மாறியது. இதனால் பதிப்பு மாற்றம் தடைப்படாது. வேலை நேரத்தை எக்ஸ்ட்ராக்ட்டால் கணக்கிட்டு, பைதான் நிரலில் 1.5 என்ற மிகைநேர விகிதத்தால் பெருக்கும் ஊதியக் கணக்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். இப்போது அந்நேரம் டெசிமல் வகையாக வந்து சேர்கிறது. டெசிமலை மிதவை எண்ணோடு பெருக்கப் பைதான் மறுத்துவிடும். மாதக் கடைசியில், சம்பளப் பட்டியல் போடும் நாளில்தான் அது தெரியவரும்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய பதிப்பில் ஆக்கிய காட்சிகளுக்குள் எக்ஸ்ட்ராக்ட் என்பது டேட்_பார்ட் என்ற பெயரிலேயே பதிவாகியிருக்கும். டேட்_பார்ட் இன்றும் மிதவை எண்ணையே தருகிறது. ஆகவே மாற்றத்துக்குப் பின், பழைய காட்சி தரும் விடை ஒரு வகை, இன்று எழுதும் வினவல் தரும் விடை வேறு வகை.