மலைப்பாதையில் ஜீப் கொதிப்பது ஏன்?

கேரளத்தின் கிழக்கெல்லையில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் ஜீப் என்பது உல்லாச வாகனம் மட்டும் அன்று. அரிசியும் மருந்தும் மேலே செல்வதும், நோயாளி கீழே வருவதும், ஆசிரியர் பள்ளிக்குப் போய்ச் சேர்வதும் பல இடங்களில் அதனாலேயே நடைபெறுகின்றன. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பெற்ற இடமலைக்குடியை நோக்கிச் செல்லும் காட்டுப் பாதை இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். மற்றோர் எடுத்துக்காட்டு கொழுக்குமலை. அத்தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் உள்ளது. ஆயினும் அங்குச் செல்லும் ஜீப்புகள் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்தே புறப்படுகின்றன.

1947-இல் பம்பாயில் மஹிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். அவற்றின் வழிவந்த டீஸல் ஜீப்புகளே இம்மலைகளில் பெரிதும் காணப்படுபவை. இவ்வண்டிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் குறை, "ஏற்றத்தில் எஞ்சின் சூடாகிறது" என்பதாகும். உடனே ரேடியேட்டர் மாற்றப்படுகிறது, பணம் செலவாகிறது, சூடு மட்டும் குறைவதில்லை. காரணம் எளிது. சூடு என்பது காய்ச்சலைப் போன்ற ஓர் அறிகுறியேயன்றி, நோயின் பெயர் அன்று. அது எந்த இடத்தில், எந்த வேளையில், எந்த நிலையில் தோன்றுகிறது என்று முதலில் வினவுவோமாயின், கருவிப்பெட்டியைத் திறக்கும் முன்னரே பாதி விடை கிடைத்துவிடும்.

உஷ்ணத்தின் வரவும் செலவும்

டீஸல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரங்களைச் சுழற்றும் வேலையாகிறது. ஏறத்தாழ மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சியதன் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏற்று, ரேடியேட்டரின் வாயிலாகக் காற்றில் விட்டுவிட வேண்டும்.

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறும் சாலையைக் கருதுவோம். உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். சுமையுடன் 2,000 கிலோகிராம் எடையுள்ள ஜீப்பை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் சுமார் 2 கோடி ஜூல் வேலை தேவை. குறைந்தது அதே அளவு உஷ்ணம் நீரையும் வந்தடைகிறது. ரேடியேட்டர் முற்றிலும் செயலற்றுப் போனால், ஏறத்தாழ 8 லிட்டர் கொதிநீரை முழுவதும் ஆவியாக்கிவிட இவ்வுஷ்ணம் போதுமானது. ஒரே ஓர் ஏற்றத்தில் குளிர்விக்கும் சாதனங்கள் எத்துணைப் பெரும் பணியைச் செய்கின்றன என்பது இதனால் விளங்கும்.

கொதிப்பது வேறு, மிகையாகச் சூடாவது வேறு

கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலையும் தாழ்கிறது. மூணாற்றில் அது சுமார் 95 டிகிரி. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரமுள்ள கொழுக்குமலையில் சுமார் 92 டிகிரி.

எஞ்சினோ 80 முதல் 95 டிகிரி வரையிலான உஷ்ணத்தில்தான் நன்கு இயங்குகிறது. அவ்வாறாயின் மலை மேல் நீர் கொதியாதிருப்பது எவ்வாறு? ரேடியேட்டர் மூடியே இதற்கு விடை. அதிலுள்ள சுருள்வில், நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் பாதியளவு கூடுதலாக நிறுத்தும் மூடியானால், கடல் மட்டத்தில் கொதிநிலை சுமார் 111 டிகிரிக்கும், கொழுக்குமலையில் சுமார் 106 டிகிரிக்கும் உயர்கிறது. நீருடன் சரிபாதி கூலன்ட் கலந்திருப்பின் இன்னும் சில டிகிரி கூடும்.

இனி அம்மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் கசிகிறது என்று கொள்வோம். 94 டிகிரியில் ஓடும் எஞ்சின், பாலக்காட்டுச் சமவெளியில் கொதிக்காது. குறை வெளியே தெரியவும் செய்யாது. அதே எஞ்சின், அதே 94 டிகிரியில், கொழுக்குமலைப் பாதையில் பொங்கி வழியும். எஞ்சின் முன்னைவிடச் சூடாகவில்லை. நீரின் கொதிநிலைதான் தாழ்ந்துவிட்டது. ஆகவே மலையில் மட்டும் கொதிக்கும் வண்டிக்கு முதற்கண் புதிய மூடி ஒன்றைப் பொருத்திப் பார்ப்பதே அறிவுடைமை.

இதற்கு நேர்மாறானது சமவெளியின் குறை. பாலக்காட்டில் கோடையின் உஷ்ணம் 40 டிகிரியை எட்டுவதுண்டு. நீர் 90 டிகிரியாயின், நீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 50 டிகிரியே. மலைமேல் காற்று 15 டிகிரியாக இருந்தால் வித்தியாசம் 75 டிகிரி ஆகும். உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருப்பினும், இக்குளிர்ச்சி அக்குறையை ஈடுசெய்துவிடும். எனவே பாதி அடைபட்ட ரேடியேட்டர், மலையில் மெதுவாகச் செல்லும்போது தன் குறையை மறைத்து, சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் விரையும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த நிலையில் சூடேறுகிறது?

நின்றுகொண்டு ஓடும்போதோ ஊர்ந்து செல்லும்போதோ மட்டும் சூடேறினால், காற்றோட்டத்தை ஐயுற வேண்டும். வேகமாகச் செல்கையில் எதிர்க்காற்று விசிறியின் குறையை மறைத்துவிடுகிறது. விசிறி பெல்ட் தளர்ந்திருக்கிறதா, விசிறியைச் சூழ்ந்த தகட்டு உறை கழன்றிருக்கிறதா என்று பார்க்கவும். டீஸல் எஞ்சின் சுமையின்றி நின்று ஓடும்போது மிகக் குறைந்த உஷ்ணத்தையே தருவதாகும். அப்போதும் சூடேறுவது அலட்சியம் செய்யத்தக்கதன்று.

வேகமாகச் செல்கையில் மட்டும் சூடேறினால், நீரோட்டத்தையும் ரேடியேட்டரையும் ஐயுற வேண்டும். வெளிப்புறத்தே சேறும் புல்விதையும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். உட்புறத்தே உப்புப் படிந்திருக்கலாம். கடினநீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் இவ்வுப்புப் படலம் சாதாரணமாகக் காணப்படுவது. கீழ் ரப்பர் குழாய் உறிஞ்சும் விசையால் நசுங்குவதும் உண்டு.

நீண்ட ஏற்றத்தில் மட்டும் சூடேறினால், முன்கூறிய மூடியுடன் ஓட்டும் முறையையும் ஆராய வேண்டும். விசிறியும் வாட்டர் பம்பும் எஞ்சினால் சுழற்றப்படுபவை. உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிட்டு ஏற்றினால் இரண்டும் மெதுவாகச் சுழலும். தாழ்ந்த கியரில் எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டால் காற்றும் நீரும் மிகுதியாகப் பாயும். டர்போ இல்லாத பழைய எஞ்சின்களில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. உயரத்தில் காற்று குறைந்தாலும் டீஸல் பம்ப் தரும் எண்ணெயின் அளவு தானே குறைவதில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துவதால் கரும்புகையும் உஷ்ணமும் கூடுமேயன்றி, இழுவிசை கூடாது. காற்று வடிகட்டி அடைபட்டிருப்பதும், பிரேக் பிடித்தவாறே இருப்பதும் இவ்வகைச் சூட்டுக்குக் காரணமாகலாம்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ரப்பர் குழாய் கல்லைப் போல் இறுகுமாயின், குறை மிகக் கடுமையானது. நீர் சூடேறுவதற்கு முன்னரே அழுத்தம் உண்டாகிறதென்றால், எரிஅறையிலிருந்து வாயு நீரில் கலக்கிறது என்பது பொருள். ஹெட் கேஸ்கட் பழுதுற்றிருக்கலாம்; ஹெட்டே வெடித்திருக்கவும் கூடும். ரேடியேட்டரில் இடைவிடாத குமிழி, ஒழுக்கின்றி நீர் குறைதல், நீங்காத வெண்புகை, எஞ்சின் எண்ணெய் மோர்போல் வெளுத்தல் ஆகியவை துணைச் சான்றுகள். இவ்வண்டியை மலையேற்றுதல் கூடாது.

சோதிக்கும் வரிசை

செலவற்ற சோதனையை முதலிலும், செலவு மிக்கதை இறுதியிலும் செய்வதே முறை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீர்மட்டம் பார்க்கவும். அடுத்து மூடி, பெல்ட், குழாய்கள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவற்றைப் பார்க்கவும். அத்துளையில் ஈரம் கசிந்தால் பம்பின் ஸீல் தேய்ந்துவிட்டது. பின்னர் ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி நீர் பீய்ச்சிக் கழுவவும்.

உஷ்ணமானியின் முள்ளையும் அப்படியே நம்பிவிடலாகாது. அதன் உணர்கருவி நீரில் மூழ்கியிருக்கும்போதுதான் மெய் கூறும். நீர் வெளியேறிவிட்டால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் தாழ்ந்து காட்டக்கூடும். ஏற்றத்தின் நடுவே முள் திடீரென்று இறங்குவது ஆறுதல் தரும் அடையாளம் அன்று, அபாய அறிவிப்பாகும். இக்காலத்தில் எளிதாகக் கிடைக்கும் அகச்சிவப்பு உஷ்ணமானியால் ரேடியேட்டரின் மேல்தொட்டி, கீழ்தொட்டி, தெர்மோஸ்டாட் கூடு ஆகியவற்றை அளந்து ஒப்பிடலாம். ரேடியேட்டரின் முகப்பில் ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்குள்ள குழல்கள் அடைபட்டுள்ளன. எஞ்சின் மிகச் சூடாக இருந்தும் மேல் ரப்பர் குழாய் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனலாம்.

அவ்வாறு திறவாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் பலரிடம் உண்டு. இது தவறு. சில எஞ்சின்களில் அதனை நீக்கினால் சுற்றுவழி திறந்தே இருந்து, நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே திரும்பும், சூடு கூடும். மற்றவற்றில், மலைக்குளிரில் எஞ்சின் உரிய உஷ்ணத்தை எட்டாது, டீஸல் முழுவதும் எரியாது, எண்ணெய் நீர்த்து உறுப்புகள் தேயும். புதியது பொருத்துதலே சிக்கனம்.

வழியில் நின்றுவிட்டால்

சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்திலுள்ள 105 டிகிரி நீர், மூடி அகன்ற கணமே ஆவியாகச் சீறி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். பெல்ட் அறுந்திருந்தாலோ நீர் ஒழுகிவிட்டிருந்தாலோ எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, ஏற்றத்தின் கடுமையால் மட்டுமே முள் உயர்ந்திருந்தால், வண்டியை நிறுத்தி எஞ்சினைச் சில நிமிடம் சுமையின்றி ஓடவிடுதல் நலம். குளிர்ந்த ஓடைநீரைக் கொதிக்கும் எஞ்சினில் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். அரைமணி நேரமேனும் பொறுத்து, மூடியைத் துணியால் பற்றி, சிறிது சிறிதாகத் தளர்த்தியே திறக்க வேண்டும். எவரேனும் வெந்துவிட்டால், புண்ணின் மீது 20 நிமிடம் குளிர்ந்த தூயநீர் ஓடவிட்டு, மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

வகுப்பறைக்கு ஒரு சோதனை

கழற்றிய தெர்மோஸ்டாட் ஒன்றை நூலில் கட்டி, நீர்ப்பாத்திரத்தில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, உஷ்ணமானியுடன் சூடேற்றவும். பலவற்றில் 82 டிகிரி அளவில் உள்ளிருக்கும் மெழுகு விரிந்து வாயில் திறப்பதை மாணவர் கண்ணாரக் காண்பர். நீர் கொதிக்கும் உஷ்ணத்தையும் உடன் குறித்துக்கொள்ளச் செய்யலாம். போடியிலுள்ள பள்ளியும் மூணாற்றிலுள்ள பள்ளியும் தத்தம் அளவுகளைப் பரிமாறிக்கொண்டால், வளிமண்டல அழுத்தம் குறித்த பாடம் இரு மாணவர் கூட்டத்துக்கும் மறவாது.

களப்பணியாளருக்கு வேண்டியது ஒரு சிறு குறிப்பேடு. புறப்படும்போது நீர்மட்டம், சூடேறிய இடம், கியர், சுமை, புகையின் நிறம், ஊற்றிய நீரின் அளவு ஆகிய ஆறு செய்திகளை அதில் எழுதி வருதல் போதும். அக்குறிப்புகளைக் கண்ட மெக்கானிக் எந்த உறுப்பை முதலில் பார்ப்பது என்பதை உணர்வார். வாகனத்தை எதிர்நோக்கி மலைமேல் காத்திருக்கும் நோயாளியின் பொழுதும் வீணாகாது.