பெர்ரி ஸ்மூத்தி கேட்டு வருபவருக்கு எதை எடுத்துக் கொடுப்பது?

"அண்ணாச்சி, ஸ்மூத்தி போட ஸ்ட்ராபெர்ரி இருக்கா?" என்ற கேள்வி இன்று சென்னை, கோவை நகரங்களின் பெரிய அங்காடிகளில் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞர்கள் கேட்கிறார்கள். "சர்க்கரை ஏறிப் போச்சு, காலையிலே இட்லிக்குப் பதிலா ஏதாவது குடிக்கலாம்னு பார்க்கிறேன்" என்று நம் வயதுக்காரர்களும் கேட்கிறார்கள். பல கடைகளில் உடனே மேல்தட்டிலிருந்து ஸ்ட்ராபெர்ரி கிரஷ் பாட்டில் இறங்குகிறது. கேட்டதும் ஸ்ட்ராபெர்ரி, கொடுத்ததும் ஸ்ட்ராபெர்ரி, கணக்கு முடிந்தது என்று கல்லாவில் இருப்பவர் நினைக்கிறார்.

அந்தக் கணக்கு சரியல்ல. கிரஷ் என்ற பெயரில் விற்கும் சரக்கில் பழத்தின் பங்கு குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், கரைந்த திடப்பொருள் குறைந்தது 55 சதவீதம் இருக்க வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டின் பழப் பொருள்கள் ஆணைக் காலம் முதல் இருந்து வரும் அளவு. அந்தத் திடப்பொருளில் பெரும்பகுதி சர்க்கரையே. இரண்டு மேசைக்கரண்டி கிரஷ் ஊற்றினால் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை தம்ளரில் இறங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்த ஒருவர் ஒரு நாள் முழுவதும் சேர்த்துக்கொள்ளும் தனிச் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். நம் கடை வாசலில் நிற்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கிரஷ் கெட்ட சரக்கு என்று நாம் சொல்ல வரவில்லை. பிறந்த நாள் வீட்டில் மில்க் ஷேக் போடுவதற்கும் ஐஸ்கிரீம் மேல் ஊற்றுவதற்கும் அது ஏற்ற சரக்குத்தான். "சிந்தெடிக் சிரப்" என்று போட்டிருந்தால் மட்டும் அதில் பழத்தையே எதிர்பார்க்க வேண்டாம். உடம்புக்கு நல்லது என்று நம்பி வருபவரிடம் இவற்றை நீட்டுவதுதான் பொருந்தாது. ஒரு மாதம் கழித்து அவருக்கு விவரம் தெரிய வரும்போது அவர் குறை சொல்லப்போவது கம்பெனியை அல்ல, எடுத்துக் கொடுத்த கடையை.

ஸ்மூத்தி என்பது பெரிய வித்தை இல்லை. பழச்சாறு என்றால் சக்கையை வடிகட்டி எறிகிறோம். ஸ்மூத்தியில் எதையும் வடிகட்டுவதில்லை. முழுப் பழமும் தயிரோடும் பாலோடும் அரைபட்டு, கரண்டியில் எடுத்தால் மெல்ல வழியும் பதத்தில் வரும். நார்ச்சத்து உள்ளேயே தங்கிவிடுகிறது. 100 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் ஏறத்தாழ 90 பங்கு தண்ணீர். சர்க்கரை 5 கிராம் அளவில்தான் இருக்கும். வைட்டமின் சி சத்து நிறைய. ஆகவே பழத்தைத் தாராளமாகப் போடலாம்.

இரண்டு தம்ளருக்கு நாம் செய்து பார்த்த அளவைச் சொல்கிறோம். உறைந்த ஸ்ட்ராபெர்ரி 200 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 200 கிராம், காய்ச்சி ஆறிய பால் 100 மில்லி, ஓட்ஸ் 2 மேசைக்கரண்டி, கொட்டை நீக்கிய பேரீச்சை 2, அரை மணி நேரம் ஊறிய முந்திரி 5. முதலில் ஓட்ஸை மட்டும் மிக்சியில் பொடியாக்க வேண்டும். அதோடு முந்திரி, பேரீச்சை, பாதிப் பால் சேர்த்து மையாக அரைத்த பிறகு தயிர். பழம் கடைசியில்தான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பழத்தை ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, விட்டு விட்டு ஓட்ட வேண்டும். கல்லாக இருக்கும் பழத்தைப் போட்டு ஒரே மூச்சில் ஓட்டினால் ஜாரின் கப்ளர் போய்விடும். அந்தச் செலவு ஸ்மூத்திச் செலவைவிடப் பெரிது. மீதிப் பாலைப் பதம் பார்த்து ஊற்றலாம்.

ஐஸ் கட்டி சேர்க்கவே கூடாது. வீட்டில் செய்தது "தண்ணியா இருக்கு" என்று வாடிக்கையாளர் வந்து சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஐஸ் உருகினால் வெறும் தண்ணீர். உறைந்த பழத்துக்குள் இருக்கும் பனியோ, பழச் சதையோடும் அதிலுள்ள பெக்டினோடும் சேர்ந்து நுணுக்கமாக அரைபட்டு, தயிரின் புரதத்திலும் கொழுப்பிலும் பிடித்து நிற்கிறது. கிரீம் ஊற்றாமலே கிரீம் பதம் வருவது அப்படித்தான். தயிர் நெகிழ்வாக இருந்தால் மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் போதும். வடியும் தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம்.

இனிப்புக்குத் தேன் கேட்பார்கள். தேன் நாம் விற்கும் சரக்குதான் என்றாலும், மேலே சொன்ன 25 கிராம் கணக்கில் தேனும் சேரும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

வாழைப்பழம் சேர்க்கலாமா என்பது அடுத்த கேள்வி. எல்லாச் செய்முறையிலும் முதலில் சொல்வது வாழைப்பழத்தைத்தான். தாவரவியல் பிரிவுப்படி பார்த்தால் வாழைப்பழம்தான் பெர்ரி வகை, ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே அல்ல என்பது வேடிக்கை. உறைந்த வாழைப்பழம் நல்ல வழவழப்புக் கொடுக்கும், வயிறும் நிறையும். ஆனால் 2023-இல் அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெட்டி வைத்த வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் நொதி, பெர்ரி போன்ற பழங்களில் உள்ள ஃபிளவனால் என்ற சத்தையும் சிதைத்துவிடுகிறதாம். வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் உடம்பில் சேர்ந்த ஃபிளவனால் அளவு, அதே சத்தை மாத்திரைக் குப்பியாக விழுங்கியபோது சேர்ந்ததைவிட 84 சதவீதம் குறைந்திருந்தது. இந்த நொதி குறைவாக உள்ள மாம்பழம், அன்னாசி, ஆரஞ்சு, தயிர் ஆகியவற்றைப் பெர்ரியோடு சேர்க்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கூறியிருக்கிறார்கள்.

வாழைப்பழம் கெடுதல் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பிள்ளைகள் பசியாறக் குடிப்பதற்கு வாழைப்பழம் போட்டே அரைக்கலாம். பெர்ரியின் சத்துக்காகவே விலை கொடுத்து வாங்குபவர் வாழைப்பழத்தைத் தனியாக உரித்துச் சாப்பிட்டுவிட்டு, வழவழப்புக்குத் தயிரையும் முந்திரியையும் நம்பலாம். நாம் கொடுத்த அளவில் வாழைப்பழம் இல்லாதது அதனால்தான். தயிர், பால், ஓட்ஸ், பேரீச்சை, முந்திரி ஆகிய ஐந்தும் ஏற்கெனவே நம் கடைச் சரக்கு என்பதை வணிக அன்பர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒரு பாட்டில் கிரஷ் விற்றால் ஒரு பில். இப்படி விற்றால் வாராவாரம் அதே வாடிக்கையாளர் படியேறுவார்.

இதோடு சியா விதையும் கேட்பார்கள். இங்கே ஒரு குழப்பம் உண்டு. சில இடங்களில் சப்ஜா விதையே சியா என்ற பெயரில் சியா விலைக்குப் போகிறது. சப்ஜா நம் திருநீற்றுப்பச்சிலைக் குடும்பத்து விதை. கருகருவென்று ஒரே நிறமாக இருக்கும், தண்ணீரில் போட்ட சில நிமிடங்களில் கண்ணாடி போன்ற உறையோடு உப்பிவிடும். சியா சாம்பலும் பழுப்பும் வெள்ளையும் கலந்த புள்ளி விதை, மெதுவாகத்தான் ஊறும். கொள்முதல் செய்யும்போது ஒரு கரண்டி விதையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டும் நல்ல சரக்கே. அந்தந்தப் பெயரில், அந்தந்த விலையில் போகட்டும்.

இனி பழத்தைப் பற்றி. இந்தியாவில் விளையும் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்திலுள்ள மகாபலேஸ்வர், பஞ்ச்கனி பகுதியில் விளைகிறது. மகாபலேஸ்வர் ஸ்ட்ராபெர்ரிக்கு 2010-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் பக்கம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கொஞ்சம் உண்டு. குளிர்காலத்தில் புதிய பழம் சிறு பெட்டிகளில் வரும். இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. ஒரு பழத்தில் பூஞ்சணம் பிடித்தால் பெட்டி முழுவதும் பரவிவிடும். ஆகவே அன்றாடம் விற்கும் அளவுக்கே எடுக்க வேண்டும். வாங்கிப் போகிறவரிடம், "மிஞ்சினா கழுவித் துடைச்சு, காம்பைக் கிள்ளி, தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல வையுங்க, மறுநாள் கவர்ல போட்டுக்கலாம்" என்று சொல்லி அனுப்பலாம். வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறையும் பழம் உருகினால் தொளதொளத்துப் போகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அரைக்கப் போகும் பழத்துக்கு அதனால் நட்டமில்லை.

புளூபெர்ரி இன்னும் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. 2023 செப்டம்பரில் அமெரிக்காவோடு ஏற்பட்ட உடன்பாட்டில் அதற்கான தீர்வையைக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. இருந்தாலும் சிறு கடைக்கு அது கேட்டு வருபவருக்காக வரவழைத்துக் கொடுக்க வேண்டிய சரக்கே தவிர, அடுக்கி வைக்க வேண்டியது அல்ல.

ஆண்டு முழுவதும் விற்கக்கூடியது உறைந்த பழப் பாக்கெட். இதில்தான் நட்டத்துக்கும் வழி இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு இது. மின் கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் ஃப்ரீசரை அணைக்கும் வழக்கம் உள்ளவர்கள் இந்தச் சரக்கைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஐஸ்கிரீம் கம்பெனி கொடுத்த ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால், ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். ஏஜென்சி வண்டி வந்ததும் பாக்கெட்டைக் குலுக்குங்கள். பழங்கள் கோலிக்குண்டு போல் தனித்தனியாக உருண்டால் சரக்கு சரி. ஒரே கட்டியாக இருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். நம் கடையிலேயே மின்தடையில் உருகிய பாக்கெட்டை மீண்டும் உறைய வைத்து விற்பதும் கூடாது.

குளிரில் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. 2023-இல் அமெரிக்காவில் உறைந்த ஸ்ட்ராபெர்ரி மூலம் ஹெபடைடிஸ் ஏ என்னும் மஞ்சள் காமாலை பரவி, பல கடைகளிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். உரிம எண்ணும் தொகுதி எண்ணும் உள்ள பாக்கெட்டை மட்டும் எடுத்து, பில்லைப் பத்திரப்படுத்தி வைப்பது இதற்காகத்தான். கிலோ பாக்கெட்டைப் பிரித்துச் சில்லறையாகக் கொடுத்தால் அந்த எண்கள் வாடிக்கையாளர் கைக்குப் போகாது.

விளம்பரப் பலகை எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ஹெல்த் டிரிங்க்" என்ற ஒரு வகை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. அதைச் சுட்டிக்காட்டியே 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய வணிக நிறுவனங்கள் அந்தத் தலைப்பில் பானங்களைக் காட்டக் கூடாது என்றது. அதே ஆண்டு ஜூனில், செறிவிலிருந்து கரைத்த பழச்சாறுகளின் லேபிளில் "100 சதவீதம் பழச்சாறு" என்று போடக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பெரிய கம்பெனிகளுக்கே இப்படி என்றால் நம் கடைப் பலகையில் "ஸ்மூத்திக்கான பொருள்கள் கிடைக்கும்" என்ற வரி போதும்.

ஃப்ரீசர் இல்லாத கடைக்காரர்கள் மனம் தளர வேண்டாம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நாவல் பழம் வருகிறது. நிறத்தில் புளூபெர்ரிக்குக் குறைந்ததல்ல, விலையில் பக்கத்தில்கூட வராது. உப்புத் தண்ணீரில் அலசி, கத்தியால் சதையைச் சீவி, ஸ்ட்ராபெர்ரிக்குச் சொன்னது போலவே வீட்டில் தட்டில் பரப்பி உறைய வைக்கச் சொல்லலாம். துவர்ப்பு உள்ளதால் 200 கிராமுக்குப் பதில் 150 கிராம் போட்டு, பேரீச்சையை ஒன்று கூட்டி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் தயிரோடு நன்றாகவே பொருந்துகிறது. நசுங்காத, காம்பு உதிர்ந்த கறுப்புப் பழமாகப் பார்த்து விடியற்காலை ஏலத்தில் எடுங்கள். மாலைக்குள் விற்றுவிட வேண்டிய சரக்கு இது.