உங்களுக்குத் தெரியுமா? சாலையும் துரோகம் செய்யும்!

நண்பனுக்குக் கூட இருந்தே குழி பறிப்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ட்ரெச்சரஸ்லி' என்று ஒரு வினையடை உண்டு. வேடிக்கை என்னவென்றால், கண்ணுக்குத் தெரியாமல் பனி உறைந்து வழுக்கும் சாலைக்கும் அதே சொல்தான். ஆங்கிலம் படிக்கும் சீன மாணவர் தடுமாறுவது இங்கேதான். அகராதி அவருக்குக் காட்டுவது 'யின்சியென்'. 'யின்' நிழல், 'சியென்' ஆபத்து, நிழலுக்குள் ஆபத்து. ஆனால் அது வஞ்சக மனிதருக்கான சொல். சாலைக்கு ஏது நெஞ்சம்? அங்கே 'வெய்சியென்' (ஆபத்தானது) என்றுதான் சொல்ல வேண்டும்.

'இன்சிடியஸ்லி' என்ற ஆங்கில வினையடை இன்னொரு ரகம். பதுங்கித் தாக்குவதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, வேர்ப்பொருள் 'உட்கார்ந்திருத்தல்'. அறிகுறி காட்டாமல் உடலுக்குள் பரவும் நோய்க்கு இது கச்சிதம்.

சீனர்களோ வஞ்சகத்தைச் சொல்ல நான்கெழுத்து மரபுத்தொடர்களையும் நாடுவார்கள். 'வாயில் தேன், வயிற்றில் வாள்' என்பது அவற்றுள் ஒன்று. தாங் வம்சப் பேரரசர் ஷுவான்சோங்கின் முதன்மை அமைச்சர் லி லின்ஃபுவைப் பற்றி எழுந்த தொடர் அது. அவரோ சாகும்வரை பதவியில்தான் இருந்தார். பட்டங்கள் பறிபோனது இறந்த பிறகுதான்!