வாயிலிலிருந்து பேருந்துத் தரிப்பிடம் வரை: புதிய கட்டடத் திட்டங்களில் வதிவோர் கவனிக்க வேண்டியவை

ஸ்காபரோவின் பெருவீதிகளை அண்டிய பல பகுதிகள், ஒவ்வொரு குடும்பமும் மோட்டார் வாகனத்திலேயே பயணம் செய்யும் என்ற எண்ணத்தோடு 1950களிலும் அதற்குப் பின்னரும் அமைக்கப்பட்டவை. கடைத்தொகுதிகள் வீதியிலிருந்து உள்வாங்கி நிற்கின்றன. முன்புறத்தில் அகன்ற வாகனத் தரிப்பிடம் விரிந்திருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கும் முதியவர் ஒருவர் கடை வாயிலை அடைவதற்கு, பின்னோக்கி நகரும் வாகனங்களுக்கு இடையே நடந்து செல்ல வேண்டியுள்ளது. பனிக்காலத்தில் வழித்துக் குவிக்கப்படும் பனியும் பெரும்பாலும் நடப்பவரின் வழியிலேயே கிடக்கும்.

இத்தகைய நிலங்களிற் பல இன்று உயர்ந்த தொடர்மாடிகளாக மாறி வருகின்றன. கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தின் வாயிலை இடம்மாற்றுவது எளிதன்று. ஆகவே, வரைபடம் வரைபடமாக இருக்கும்போதே அதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

முதலிற் பார்க்க வேண்டியது, பிரதான வாயில் எத்திசையை நோக்குகிறது என்பது. அது வீதியை நோக்கி, நடைபாதையோடு நேரடியாக இணைந்திருப்பின் நடப்பவருக்கு வழி குறுகும். வாகனத் தரிப்பிடம் நிலத்தின் கீழோ கட்டடத்தின் பின்புறத்திலோ அமைவது நன்று. வாகன நுழைவழிகள் எத்தனை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்: ஒவ்வொரு நுழைவழியும் நடைபாதையை ஒருமுறை வெட்டுகிறது. நடைபாதை அங்கே தாழ்ந்து முறிந்துபோகாமல் ஒரே மட்டத்தில் தொடர்ந்தால், வழிவிட வேண்டியவர் தாமே என்பதைச் சாரதி உணர்வார். தடையற்ற நடைவழி குறைந்தது 2.1 மீற்றர் அகலம் கொண்டிருத்தல் வேண்டும் என ரொறன்ரோவின் பசுமைத் தரநிலை கூறுகிறது. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் ஒன்றையொன்று கடந்து செல்வதற்கு அது போதுமானது.

பெரிய நிலமாயின், அதன் ஊடாகப் பொதுமக்கள் நடந்து செல்லும் வழி உண்டா என்று கேட்க வேண்டும். நேர்கோட்டில் மிக அருகிலுள்ள பேருந்துத் தரிப்பிடத்துக்கு, மதிலைச் சுற்றிப் பல நிமிடங்கள் நடக்க நேர்வது ஸ்காபரோவில் அரிதன்று. ஒரு சிறு வாயில் போதும். ஆனால் அது வரைபடத்தில் இருக்க வேண்டும்.

மிதிவண்டித் தரிப்பிடம் எண்ணிக்கையால் மட்டும் நிறைவு பெறுவதில்லை. நிலத்தின் கீழ் இரண்டாம் தளத்தில், பாரமான கதவுகள் மூன்றினைத் தாண்டி வைக்கப்படும் மிதிவண்டி அங்கேயே தங்கிவிடும். தரைத்தளத்தில், வாயிலுக்கு அருகே, பூட்டக்கூடிய அறையாக அது அமைவது பயன்தரும்.

வாகனத் தரிப்பிடங்கள் குறைக்கப்படுவது குறித்து வதிவோரிடையே கவலை உண்டு, அது நியாயமற்றதுமன்று. அதிகாலைப் பணிமுறைக்குச் செல்வோர்க்கும், பேருந்து அரிதாக வரும் இடங்களிற் பணிபுரிவோர்க்கும் வாகனம் ஆடம்பரமன்று. எனினும், ரொறன்ரோ மாநகரசபை 2021 டிசம்பரிற் பெரும்பாலான புதிய கட்டடங்களுக்கான குறைந்தபட்சத் தரிப்பிட விதியை நீக்கத் தீர்மானித்தது. அவ்விதி நீங்கியமை தரிப்பிடம் கட்டுவதைத் தடைசெய்யவில்லை. கட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தையே அகற்றியது. மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களும் தொடர்மாடிகளில் வருகையாளருக்கான இடங்களும் தொடர்ந்தும் தேவைப்படுகின்றன. நிலத்தடித் தரிப்பிடம் கட்டுவதற்கு ஆகும் பெருஞ்செலவு வீட்டு விலையிலோ வாடகையிலோ சேரக்கூடும் என்பதையும் கருத்திற்கொள்ளல் தகும்.

இனிச் சட்டநிலை. ஒன்ராறியோ திட்டமிடற் சட்டத்தின்படி, வலயத் துணைவிதியை மாற்றுவதற்கான விண்ணப்பம் பற்றி அறிவித்தல் வழங்கப்பட வேண்டும். விண்ணப்பத்தை ஏற்று மாற்றம் செய்வதாயின், அதற்குமுன் பொதுக்கூட்டமும் நடத்தப்பட வேண்டும். அக்கூட்டத்திற் கருத்துரைப்பதற்குக் குடியுரிமையோ வீட்டுரிமையோ வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்போரும் பேசலாம், எழுத்திலும் அனுப்பலாம். வாயில், நடைவழி போன்ற நுணுக்கங்களை முடிவுசெய்யும் தளத் திட்ட அனுமதி அதன் பின்னரே பெரும்பாலும் இறுதியாகிறது. அதனை வழங்குவோர் அலுவலர்கள். அந்நிலையிற் பொதுக்கூட்டம் நடத்தச் சட்டம் கோருவதில்லை.

வேறொரு மாற்றமும் அறியத்தக்கது. முன்னர், பொதுக்கூட்டத்திற் கருத்துத் தெரிவித்த அயலவர் சபையின் முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்ய முடிந்தது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின்னர், வலய மாற்றங்களை எதிர்த்து ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்குச் செல்லும் உரிமை அயலில் வதியும் சாதாரண மக்களுக்கு இல்லை. முடிவெடுக்கப்படுமுன் சொல்லப்படும் சொல்லுக்கே இப்போது இடமுண்டு.

நிலத்தின் முன்னே நாட்டப்படும் அறிவித்தற் பலகையில் விண்ணப்பத்தின் விவரமும் தொடர்புகொள்ளும் வழியும் காணப்படும். அப்பலகையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது உதவும். 311 இலக்கத்தை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கருத்து எழுதுவோர், “போக்குவரத்து நெரிசல் கூடும்” என்று பொதுவாக எழுதுவதிலும் பார்க்க, எந்த வாயிலிலிருந்து எந்தத் தரிப்பிடத்துக்கு எவ்வழியாக நடக்க வேண்டியுள்ளது என்பதைக் குறிப்பிட்டு எழுதினால், அலுவலர் அதனை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.