முன்பாரம், பின்பாரம்: பிக்கப் டிரக்கால் கனரக இயந்திரம் இழுக்கும் கணக்கு

டெக்சாஸில் கல்லூரிக் காலத்து நண்பன் ஒருவன் ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் நிலம் வாங்கினான். அங்கே வடிகால் வெட்ட மினி எக்ஸ்கவேட்டர் வாடகைக்கு எடுக்கணும். "டெலிவரிக்கு எதுக்குடா தனியா காசு? நம்ம டிரக்லயே இழுத்துட்டு வந்துடலாம். 11,300 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கான்" என்றான். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். ராத்திரி சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், அந்த 11,300 என்ற எண் பாதிக் கதை மட்டுமே சொல்கிறது என்று புரிந்தது. மீதிக் கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் பாரம். 3.5 டன் வகை மினி எக்ஸ்கவேட்டர் சுமார் 8,000 பவுண்டு. அதை ஏற்றும் டிரெய்லர் 3,000. மொத்தம் 11,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5,000 கிலோ. விளம்பர எண்ணை விடக் குறைவு. அப்போ பிரச்சினை எங்கே?

அந்த விளம்பர எண் சும்மா அடித்துவிட்டதில்லை. எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கத்தில் உள்ள நீண்ட மலையேற்றத்தை அளவுகோலாக வைத்து, கடும் வெயிலில், ஏசியையும் ஓடவிட்டு, பாரத்தோடு குறைந்தபட்ச வேகம் குறையாமல் ஏற வேண்டும் என்கிறது அது. ஆனால் டிரக்கில் 150 பவுண்டு எடையுள்ள இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறது. நம்ம ஆட்களின் எடையும், டிரக்கில் கூடுதலாகப் போட்ட வசதிகளின் எடையும் அந்தக் கணக்கில் முழுசாக வராது.

கதவு ஓரத்து ஸ்டிக்கர்

டிரெய்லரின் மொத்த எடையும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. ஒரு பகுதி ஹிட்ச் வழியாக டிரக்கின் முதுகில் உட்காரும். இதை டங் வெயிட் என்கிறார்கள். பந்து ஹிட்சில் இழுக்கும் சாதாரண டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இப்படி முன்னால் இறங்க வேண்டும். நடுவாக 12 சதவீதம் என்று வைத்தால் 1,320 பவுண்டு.

இந்த 1,320 டிரக்கைப் பொறுத்தவரை சுமை. உள்ளே உட்காரும் ஆட்கள், பின்னால் போட்ட கருவிகள் எல்லாவற்றோடும் சேர்ந்து கணக்கில் வரும். டிரக் எவ்வளவு சுமக்கும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கரில் இருக்கிறது. விளம்பர எண்ணைப் போல இல்லாமல், இது அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கே உரிய எண்.

நண்பனின் டிரக்கில் அது 1,480. நாங்கள் இரண்டு பேர் 350. சங்கிலி, கருவிப்பெட்டி 130. ஹிட்சின் கம்பியும் பந்தும் 50. மீதி 950 பவுண்டு. உட்காரப்போவது 1,320. இழுவைத் திறனில் 300 பவுண்டு மிச்சம் இருக்கிறது, சுமைத் திறனில் 370 பவுண்டு துண்டு விழுகிறது.

"கொஞ்சம் பின்னால தள்ளி வெச்சா?"

நண்பனிடம் இதைச் சொன்னதும் அவன் கேட்ட கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. இயந்திரத்தைப் பின்னால் நகர்த்தினால் முன்னால் இறங்கும் எடை குறையுமே?

குறையும். எவ்வளவு என்று பார்ப்போம். ஹிட்ச் பந்திலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடுவிடம் வரை 16 அடி. 8,000 பவுண்டு இயந்திரத்தை ஒரு அடி நகர்த்தினால், நெம்புகோல் கணக்குப்படி 8,000 ÷ 16 = 500 பவுண்டு மாறும். நமக்குக் குறைக்க வேண்டியது 370. ஒன்பது அங்குலம் போதும். ஸ்டிக்கர் கணக்கு சரியாகிவிடும்!

ஆனால் இப்போது டங் வெயிட் மொத்தத்தில் 8.6 சதவீதம். பத்துக்குக் கீழே வந்துவிட்டோம். ஒரு கணக்கைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை, அதுவும் உயிருக்கு ஆபத்தான ஒன்றை, உடைத்துவிட்டோம்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுகும். வண்டிக்காரர் மூட்டையை ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே நகர்த்திச் சரிபார்ப்பார். மாட்டுவண்டியின் வேகத்தில் அது போதும். மணிக்கு 65 மைலில் பின்பாரம் வேறு விதமாகப் பழிவாங்கும்.

காற்றோ, பக்கத்தில் கடக்கும் லாரியோ டிரெய்லரை லேசாகத் தள்ளுகிறது என்று வையுங்கள். பாரம் அச்சுக்கு முன்னால் போதுமான அளவு இருந்தால், இரண்டு முறை ஆடி அடங்கிவிடும். பாரம் பின்னால் போகப் போக, ஆட்டம் அடங்க நேரமாகும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்கவே அடங்காது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதை விடப் பெரிதாகி, டிரக்கின் பின்பக்கத்தையே இழுத்துத் திருப்பிவிடும். சரியாகப் பாரம் ஏற்றுவது என்றால், அந்த ஆபத்தான வேகத்தை நாம் ஓட்டும் வேகத்துக்கு வெகு தூரம் மேலே தள்ளி வைப்பது.

நம்பிக்கை வராமல், ட்ரெட்மில்லில் ஒரு பொம்மைக் காரையும், ஐஸ் குச்சியில் செய்த டிரெய்லரையும் கட்டிப் பார்த்தேன். எடை முன்னால் இருந்தபோது விரலால் தட்டினால் தானே நேரானது. அதே எடையைப் பின்னால் வைத்தேன். ஒரே தட்டு, மூன்று ஆட்டம், கார் கவிழ்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த என் பெண், "அப்பா, அங்கிள் வண்டியில நீங்களும் போறீங்களா?" என்று கேட்டாள்.

ஆட ஆரம்பித்துவிட்டால்

கால் தானாக பிரேக்குக்குப் போகும். அழுத்தி மிதிக்கக் கூடாது. டிரக் மட்டும் வேகம் குறைந்தால் பின்னாலிருக்கும் 11,000 பவுண்டு அதைத் தள்ளி மடக்கிவிடும். முடுக்கிப் பார்ப்பதும் தப்பு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் திருப்பாமல் நேராகப் பிடியுங்கள், டிரெய்லர் பிரேக்குக்கான கட்டுப்பாட்டுக் கருவியில் இருக்கும் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் தொடர் நேராகும். நின்ற பிறகு பாரத்தை மாற்றி வைக்காமல் மறுபடி கிளம்பாதீர்கள்.

வேகமும் முக்கியம். 55 மைலுக்குப் பதில் 65 மைலில் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 40 சதவீதம் கூடுகிறது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 55தான் உச்ச வேகம். டிரெய்லருக்கென்றே வரும் டயர்கள் பலவும், வேறு குறிப்பு இல்லாவிட்டால், 65 மைலுக்கு மேல் ஓட்டச் செய்யப்பட்டவை அல்ல.

ஏற்றும்போதும் கட்டும்போதும்

பலருக்கும் தெரியாத ஆபத்து ஏற்றும் நேரத்தில் இருக்கிறது. இயந்திரம் சாய்தளத்தில் ஏறும்போது அதன் எடை முழுக்க டிரெய்லர் அச்சுக்குப் பின்னால். டிரெய்லரின் மூக்கு மேலே எழும்பி, டிரக்கின் பின்பக்கத்தையும் தூக்கும். டிரக்கின் பார்க்கிங் பிரேக் பின் சக்கரங்களில்தான் வேலை செய்கிறது. அந்தச் சக்கரங்களே தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் எதைப் பிடிக்கும்? அதனால் சமதரையில் ஏற்றுங்கள், டிரக்கோடு பூட்டிய பிறகே ஏற்றுங்கள், சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், டிரெய்லரின் பின்முனைக்கும் முட்டுக் கொடுங்கள்.

கட்டுவதற்குத் துணிப் பட்டை வேண்டாம், சங்கிலி. நான்கு மூலைக்கும் தனித்தனியாக. எக்ஸ்கவேட்டரின் கையைத் தாழ்த்தி அதையும் தனியாகக் கட்ட வேண்டும். 3/8 அங்குல கிரேடு 70 சங்கிலியின் வேலைச்சுமை வரம்பு 6,600 பவுண்டு. ஆனால் அதை இறுக்கும் பைண்டரோ, மாட்டும் வளையமோ 3,000க்குத்தான் என்றால் அந்தக் கட்டின் பலம் 3,000தான்.

ஹிட்சுக்கு அடியில் வரும் பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். பந்திலிருந்து கழன்றால், டிரெய்லரின் மூக்கு சாலையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கும். பந்தின் அளவும் கப்ளரில் பொறித்த அளவும் ஒன்றுதானா என்று படித்துப் பாருங்கள். 2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குலப் பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரியே தெரியும், முதல் பள்ளம் வரைக்கும்.

கடைசியாக, மதிப்பிடாமல் எடை போடுங்கள். லாரிகள் நிற்கும் இடங்களில் கேட் ஸ்கேல் எடைமேடைகள் இருக்கின்றன. பாரத்தோடு ஒரு முறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை மட்டும் ஒரு முறை. இரண்டு தடவையும் டிரக்கின் அச்சுகளில் விழும் எடையின் வித்தியாசம்தான் டங் வெயிட்.

நாங்கள் என்ன செய்தோம்? அந்த டிரக்கில் முன்பாரமாக வைத்தால் ஸ்டிக்கர் தாங்காது, பின்பாரமாக வைத்தால் சாலை தாங்காது. இடையில் வழியே இல்லை. டெலிவரிக்குக் காசு கொடுத்தோம். கடைக்காரர் பெரிய டிரக்கில் இறக்கிவிட்டுப் போனார். டிரெய்லரில் இயந்திரம் நின்ற இடத்தை டேப் வைத்து அளந்தேன். அச்சின் நடுவுக்கு இரண்டு அடி முன்னால். வடிகால் சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடிந்தது.