மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள்... ஒரு வண்ண வானம்!

மொபைல் வால்பேப்பர், டி-ஷர்ட், பாடப்புத்தக அட்டை என எங்கேயாவது அதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை கலந்த நீலப் பின்னணியில், தும்பிக்கையைத் தூக்கியதுபோல நிற்கும் மூன்று பழுப்புத் தூண்கள். பெயர், 'படைப்பின் தூண்கள்'. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995 ஏப்ரல் 1 அன்று எடுத்தது. பார்க்கிறவர்களுக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான்: இந்தக் கலர் நிஜமா, கிராஃபிக்ஸா?

இரண்டும் இல்லை.

ஹப்பிளின் கேமராவுக்கு நிறமே தெரியாது. விழும் வெளிச்சத்தின் அளவை மட்டும்தான் பதிவுசெய்யும். உங்கள் மொபைலின் சென்சாரும் அப்படித்தான். அதன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு குட்டி ஃபில்டர் இருக்கும். பக்கத்துப் புள்ளிகளோடு கணக்குப்போட்டு மொபைல் கலரைத் தயாரித்துவிடும். ஹப்பிளிலோ ஒரு ஃபில்டர் வழியாக ஒரு படம், அதை மாற்றிவிட்டு அடுத்த படம். ஐடியா ரொம்பப் பழசு. 1861-லேயே ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல், கட்டம்போட்ட ஒரு ரிப்பனை மூன்று ஃபில்டர்கள் வழியாகப் படமெடுக்கச் செய்து, அவற்றைத் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழவைத்து வண்ணப்படம் காட்டியிருக்கிறார்.

தூண்கள் இருப்பது சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில், கழுகு நெபுலாவில். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் அதற்குத் தேர்ந்தெடுத்தவை சாதாரண ஃபில்டர்கள் அல்ல. கந்தகம் (சுமார் 672 நானோமீட்டர்), ஹைட்ரஜன் (656), ஆக்ஸிஜன் (501) ஆகிய மூன்று வாயுக்களின் ஒளியை மட்டும் உள்ளே விடுபவை.

இங்கேதான் சிக்கல். கந்தகத்தின் ஒளி, ஹைட்ரஜனின் ஒளி இரண்டுமே நம் கண்ணுக்குச் சிவப்பு. உள்ளபடியே வண்ணம் கொடுத்தால் எது எங்கே என்று பிரித்தறிய முடியாது. அதனால் அலைநீள வரிசையை மாற்றாமல் கந்தகத்துக்குச் சிவப்பு, நடுவிலிருக்கும் ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினார்கள். மேப்பில் மாவட்டத்துக்கு ஒரு கலர் கொடுப்பதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லையே!

சேர்ப்பது சுலபமல்ல. காஸ்மிக் கதிர்கள் சென்சாரில் விழுந்து வெள்ளைக் கீறல் போட்டிருக்கும். ஒரே காட்சியை இரண்டு முறை எடுத்து, ஒன்றில் மட்டும் இருக்கும் கீறல்களை நீக்கவேண்டும். நட்சத்திரங்கள் கச்சிதமாக ஒன்றின்மேல் ஒன்று உட்காரவேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஒருபக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் என ஓரம் கட்டும். ஹைட்ரஜனின் ஒளியோ மிக அதிகம். அப்படியே கலந்தால் படம் முழுக்கப் பச்சைதான். மற்ற இரண்டையும் தூக்கிவிடவேண்டும். அப்படித் தூக்கும்போது, எல்லா நிறத்திலும் ஒளிரும் நட்சத்திரங்களில் சிவப்பும் நீலமும் கூடிப்போய், அவை இளஞ்சிவப்பாக மாறிவிடும். இந்தப் பாணிப் படங்களில் தெரியும் ரோஸ் நட்சத்திரங்களின் ரகசியம் இதுதான்.

படத்தின் மேல்மூலையில் படிக்கட்டுபோலக் கறுப்பாக வெட்டுப்பட்டிருப்பதும் டிசைன் அல்ல. நான்கு கேமராக்களில் ஒன்று மட்டும் சிறிய பரப்பை நுணுக்கமாக எடுத்தது. மற்றவற்றோடு பொருந்த அதைச் சுருக்கியதால் மிஞ்சிய வெற்றிடம் அது.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன்? நிறத்தை வைத்தே அங்கே நடப்பதைப் படிக்க முடிகிறது. தூண்களின் ஓரத்தை ஒட்டிக் கந்தகம். அதிக ஆற்றல் கிடைத்தால்தான் இப்படி ஒளிரும் ஆக்ஸிஜன், வெளிப்பக்கம். அருகிலுள்ள இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர்கள் தூண்களை உரித்துக்கொண்டிருப்பதன் அடையாளம் இது. 2014-ல் ஹப்பிள் இதே மூன்று வாயுக்களுக்கான ஃபில்டர்களோடு மறுபடி படமெடுத்தது. பழைய படத்தோடு ஒப்பிட்டபோது, தூணிலிருந்து பீய்ச்சியடிக்கும் ஒரு வாயுக்கீற்று, சுமார் 9,600 கோடி கிலோமீட்டர் நீண்டிருந்தது!

2022-ல் ஜேம்ஸ் வெப் எடுத்ததில் கதை வேறு. அகச்சிவப்புக்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. எல்லா வண்ணமும் நாம் ஒதுக்கியதுதான்.

ஹப்பிளின் அசல் கறுப்பு வெள்ளைப் படங்கள் 'மாஸ்ட்' என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரில் இறக்கி நீங்களே கலந்து பார்க்கலாம். ஹைட்ரஜனை உண்மையான சிவப்பிலேயே வைத்தால் தூண்கள் எப்படியிருக்கும் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.